வாக்கு இயந்திரச் சர்ச்சை: வன்னியில் நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் முடிவு வரும் நாளில் வன்னியின் தேநீர்க் கடைகளில் தொலைக்காட்சிக்கு முன்னால் கூட்டம் சேரும். முதற் சுற்று எண்ணி முடிவதற்குள் யாராவது ஒருவர் "மெசினில் விளையாடிவிட்டார்கள்" என்று சொல்லிவிடுவார். பேச்சு அத்தோடு நின்றால் பரவாயில்லை. அது நம்முடைய தேர்தலுக்கும் தாவி, "போட்டு என்ன பயன்?" என்ற இடத்தில் போய் நிற்கிறது. அங்கேதான் எனக்குக் கவலை.

இலங்கையில் வாக்குப்பதிவு இயந்திரமே பயன்பாட்டில் இல்லை. வன்னித் தேர்தல் மாவட்டத்தைச் சேர்ந்த வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மக்களும், யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டிருக்கும் கிளிநொச்சி மக்களும் காகிதச் சீட்டில்தான் புள்ளடி இடுகிறார்கள். இந்தியக் காணொளி ஒன்றை "இங்கும் இப்படித்தான்" என்று வட்ஸ்அப்பில் பகிர்வது ஊரையே ஏமாற்றும் வேலை.

அடுத்த தவறு, கட்சியின் வெற்றி தோல்வியை வைத்து இயந்திரத்தை எடைபோடுவது. 2009 மக்களவைத் தேர்தலில் தோற்றபின் பாரதிய ஜனதாவின் அத்வானி இயந்திரத்தின் மீது ஐயம் எழுப்பினார். 2017 இல் உத்தரப்பிரதேசத்தில் தோற்றபோது பகுஜன் சமாஜ் கட்சித் தலைவி மாயாவதி அதே குற்றச்சாட்டை வைத்தார். அப்போது பாரதிய ஜனதா இயந்திரத்தின் பக்கம் நின்றது. வென்ற மாநிலத்தில் நல்ல இயந்திரம், தோற்ற மாநிலத்தில் கள்ள இயந்திரம் என்றால் அங்கே பேசுவது ஆதாரம் அல்ல, வலி. அந்த வலியை நாம் இரவல் வாங்க வேண்டியதில்லை.

"மோசடி செய்ய முடியுமா?", "மோசடி நடந்ததா?" என்ற இரண்டும் வேறு வேறு கேள்விகள். ஒன்றுக்கான விடையை மற்றதற்குக் கொடுப்பதுதான் மிகப் பெரிய குழப்பம். இயந்திரம் கையில் கிடைத்தால் அதை மாற்றியமைக்க முடியும் என்று 2010 இல் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். அது முதற் கேள்விக்கு விடை. இரண்டாவதற்கு விடை தேட வேண்டுமானால் இந்திய வாக்குச்சாவடிக்குள் நடப்பது தெரிந்திருக்க வேண்டும். காலையில் வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகள் போட்டு ஒத்திகை பார்த்து, அவற்றை அழித்தபின்பே வாக்குப்பதிவு தொடங்குகிறது. வாக்காளர் நீலப் பொத்தானை அழுத்தியதும் பக்கத்திலுள்ள பெட்டியின் கண்ணாடிக்குப் பின்னால் சின்னம் அச்சிட்ட சீட்டு 7 வினாடிகள் தெரிந்து, பிறகு உள்ளே விழுகிறது. மாலையில் பதிவான மொத்த வாக்குகள் 17சி படிவத்தில் எழுதப்பட்டு முகவர்களிடம் கொடுக்கப்படுகின்றன. எண்ணும் நாளில் அந்தத் தொகையோடு இயந்திரம் காட்டும் தொகை பொருந்துகிறதா என்று பார்க்கலாம். ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் 5 சாவடிகளின் சீட்டுகளை எண்ணி ஒப்பிட வேண்டும் என்று 2019 இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எல்லாச் சீட்டுகளையும் எண்ணக் கோரிய மனுக்களை 2024 ஏப்ரல் 26 இல் தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்பு போதாது என்று வாதாடலாம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் 17சி படிவத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் "மெசின்" என்று மட்டும் கூவுபவரை நம்பாதீர்கள்.

லொறியில் இயந்திரங்கள் போகும் காணொளிகளையும் அவசரப்பட்டு நம்ப வேண்டாம். 2022 இல் வாரணாசியில் அப்படியொரு வாகனம் மறிக்கப்பட்டது. அவை பயிற்சிக்கானவை என்றது நிர்வாகம். ஆனால் கட்சிகளுக்கு முன்கூட்டியே தெரிவிக்காத அதிகாரி தேர்தல் பணியிலிருந்து நீக்கப்பட்டார். அதிகாரி நடைமுறையை மீறினார் என்பதும் உண்மை, அதனால் மட்டும் வாக்குகள் களவாடப்பட்டதாக ஆகாது என்பதும் உண்மை.

ஐயப்படுபவர் எல்லோரையும் முட்டாள் என்று ஒதுக்குவதும் தவறுதான். ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009 இல் அங்கே பயன்படுத்தப்பட்ட இயந்திரங்களை அரசியலமைப்புக்கு முரணானவை என்றது. தனி அறிவு இல்லாத குடிமகனும் வாக்கு எண்ணப்படுவதைத் தானே சரிபார்க்க முடிய வேண்டும் என்பது அதன் நியாயம். நாளை இங்கே இயந்திரம் கொண்டுவரும் பேச்சு வலுத்தால் நாம் கேட்க வேண்டியதும் அதுவே.

காகிதம் என்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. 1999 ஜனவரியில் நடந்த வடமேல் மாகாண சபைத் தேர்தலில் பெட்டிகளுக்குள் கள்ளச் சீட்டுகள் திணிக்கப்பட்டதை நாடே அறியும். எல்லாம் காகிதத்தில்தான் நடந்தது. பெட்டியைக் காப்பது முகவர். வெறும் பெட்டியைத் திறந்து காட்டும்போது அவர் அங்கே நிற்க வேண்டும். மாலையில் மூடும்போது தன் முத்திரையையும் வைக்கலாம். வழங்கப்பட்ட சீட்டுகளின் கணக்கைக் குறித்துக்கொள்ள வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் போன முகவர் திரும்பி வராத சாவடியைப் பற்றி அவருடைய கட்சி பிறகு முறையிடுவது யாருக்கு உதவும்?

யாரும் திருடாமலே நாம் இழக்கும் வாக்குகளும் இருக்கின்றன. வன்னித் தேர்தல் மாவட்டத்தில் ஒவ்வொரு பாராளுமன்றத் தேர்தலிலும் ஆயிரக்கணக்கான சீட்டுகள் நிராகரிக்கப்படுகின்றன. முதலில் ஒரே ஒரு கட்சிக்கு அல்லது சுயேச்சைக் குழுவுக்குப் புள்ளடி. அதன் பிறகே அந்தக் கட்சியில் அல்லது குழுவில் நாம் விரும்பும் வேட்பாளர்களின் விருப்பு இலக்கங்கள், அதிகபட்சம் மூன்று. இரண்டு கட்சிகளுக்குப் புள்ளடி இட்டாலும், கட்சியை விட்டுவிட்டு இலக்கங்களை மட்டும் குறித்தாலும் சீட்டு செல்லாது. கட்சிக்குச் சரியாக இட்டு, இலக்கங்களை மூன்றுக்கு மேல் குறித்தால் விருப்பு வாக்குகள் மட்டும் போகும், கட்சிக்கான வாக்கு நிற்கும். வீட்டில் முதன்முறை வாக்களிக்கும் பிள்ளைக்கும், கண் மங்கிய அப்பம்மாவுக்கும் மாதிரிச் சீட்டை வைத்து முதல் நாளே காட்டிக் கொடுங்கள்.