நம் நிலத்துக் கல்லைப் பார்த்து நாம் செய்யும் தவறுகள்

போன மாசியில் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து என் சித்தப்பா ஒரு மஞ்சப்பை நிறையக் கல்லோடு வீட்டுக்கு வந்தார். கிணறு தூர் வாரும்போது கிடைத்ததாம். எல்லாக் கல்லிலும் பொன் நிறத்தில் தகடு தகடாக மினுங்கியது. "கோலார் பாறை நம்ம பக்கமும் வருதுன்னு சொல்றாங்களே, இது அதுதானேப்பா?" என்றார்.

அவர் கேள்விப்பட்டதில் பாதி உண்மை. கோலார் தங்கப் பாறைப் பட்டையின் தென்கோடி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வேப்பனப்பள்ளி, மகாராஜகடை பக்கம் தலைகாட்டுகிறது. ஆனால் அவர் கையில் இருந்தது தங்கம் இல்லை. ஒரு தகட்டை நகத்தால் நெம்பினேன். வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்தது. தங்கம் அப்படி உரியாது. இதற்கு நம் ஊரில் எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள்: காக்காப்பொன். கருப்பு மைக்கா வெயிலிலும் ஈரத்திலும் கிடந்து சிதையும்போது இந்தப் பொன்னிறம் வரும். இடுக்கியில் பிடித்து அடுப்பு நெருப்பில் காட்டியதும் அந்தத் தகடு புழு நெளிவது போல நீண்டு உப்பியது. இப்படி உப்புகிற வகைக்கு வெர்மிகுலைட் என்று பெயர். பக்கத்துத் திருப்பத்தூர் மாவட்டத்துச் சேவத்தூரில் தமிழக அரசின் கனிம நிறுவனமான டாமின் வெட்டி எடுப்பது இதைத்தான்.

தகடாக உரியாமல் பித்தளை நிறத்தில் கட்டியாக இருந்தால் அது பைரைட்டாக, அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கல்லாக இருக்கலாம். சுத்தியலால் ஒரு தட்டு தட்டுங்கள். பைரைட் நொறுங்கும், தங்கம் நசுங்கித் தட்டையாகும். டைல்ஸின் மெருகில்லாத பின்பக்கத்தில் தேய்த்தால் பைரைட் கருப்பாகக் கோடு போடும், தங்கம் மஞ்சளாகப் போடும். சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். இதைச் செய்யாமல் யாரிடமும் முன்பணம் கொடுக்கவோ வாங்கவோ வேண்டாம்.

இதைவிடப் பெரிய தவறு, தாது இருந்தாலே சுரங்கம் வந்துவிடும் என்று நம்புவது. கோலார் சுரங்கத்தை 2001இல் மூடினார்கள். தங்கம் அடியோடு தீர்ந்துபோனதால் மூடவில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்திலிருந்து கல்லை மேலே ஏற்றி, ஒரு டன்னுக்குச் சில கிராம் எடுப்பது கட்டுப்படியாகவில்லை. அரூர், ஊத்தங்கரை வட்டாரத்தில் எஃகை உறுதியாக்கும் உலோகமான மாலிப்டினம் இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் ஆராய்ந்திருக்கிறது. அந்தச் செய்தியை நம்பி நிலத்துக்கு விலை ஏற்றிக் கேட்கிறவர்கள், அது எத்தனை சதவீதம், எவ்வளவு ஆழம் என்று கேட்பதில்லை.

தருமபுரி மாவட்டத்துத் தீர்த்தமலை இரும்பும் அப்படித்தான். அங்கே மேக்னடைட் என்ற காந்த இரும்புத் தாது உண்டு, ஆனால் குவார்ட்ஸ் என்ற படிகக் கல்லோடு பின்னிக் கிடக்கிறது. அரைத்துப் பிரித்தால்தான் இன்றைய உருக்காலைக்கு உதவும். அந்தக் காலத்தில் பாரமகால் என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதியில் ஓடை மணலில் ஒதுங்கும் கருமணலை அரித்தெடுத்து, கரியோடு சேர்த்துச் சின்ன உலையிலேயே இரும்பு உருக்கினார்கள். கூடைக் கணக்கில் கிடைத்தாலே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. இந்த மண்ணுக்கு இரும்பு புதிதும் இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறை அகழாய்வில் இரும்புப் பயன்பாட்டுக்குக் கிடைத்த காலக்கணிப்பு கி.மு. 2172. ஒரு கல் வளமா இல்லையா என்பது காலத்தையும் பொறுத்தது.

கருப்புக் கல் கிடைத்தால் நிலக்கரி என்று நினைக்கிறவர்களுக்கும் ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடலாம். "நெய்வேலியிலும் கிணறு தோண்டும்போதுதானே கிடைத்தது?" என்று கேட்பார்கள். உண்மைதான், 1930களில் அப்படித்தான் தெரியவந்தது. ஆனால் நெய்வேலியின் நிலம் படிவுப் பாறை. மக்கிய மரங்கள் மண்ணில் புதைந்து அழுந்திய இடம். நம் பாறைக்கு வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. செடிகொடிகள் நிலத்தில் ஏறி ஐம்பது கோடி ஆண்டுகூட ஆகவில்லை. மரமே இல்லாத காலத்துப் பாறையில் கரி ஏது? பெட்ரோலும் இந்தப் பாறையில் தேட வேண்டியதில்லை. கையில் கிடைத்த கருப்புக் கல் கனமாக இருந்து காந்தத்தை இழுத்தால் மேக்னடைட்; காந்தத்துக்கு அசையாவிட்டால் ஹார்ன்பிளெண்ட் போன்ற வேறு கருப்புக் கனிமமாக இருக்கலாம்.

சரி, நம் ஊரில் உண்மையிலேயே பணமாகிற கல்லுக்கு வருவோம். வியாபாரத்தில் 'பிளாக் கிரானைட்' என்கிறோமே, அது கிரானைட்டே இல்லை, டோலரைட். பூமிக்குள்ளிருந்து பாறைக் குழம்பு விரிசல்களில் ஏறி இறுகிய சுவர். இதை டைக் என்பார்கள். அகலம் சில மீட்டரிலிருந்து சில பத்து மீட்டர் வரை, நீளம் சில இடங்களில் பல கிலோமீட்டர். பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது, ஏனென்றால் கணக்கே இதனால்தான் மாறுகிறது. பக்கத்துக் காட்டில் கருப்புக் கல் வந்தால் நம் காட்டிலும் வரும் என்று சொல்ல முடியாது. சுவர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். மேலே உருண்டையாகக் கிடக்கும் குண்டுக் கற்களை வைத்து அளவு போடுவதும் தவறு. அவை வெங்காயம் போலத் தோல் தோலாகச் சிதைந்தபின் மிஞ்சியவை. விலை போவது விரிசலும் வெள்ளைக் கீறலும் இல்லாத பெரிய பிளாக்தான். வெட்டிய கல்லில் பாதிக்குமேல் கழிவுக் குவியலுக்குப் போகும் குவாரிகள் உண்டு. பட்டா நம் பெயரில் இருந்தாலும் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. கலெக்டர் ஆபீஸில் உள்ள புவியியல் மற்றும் சுரங்கத் துறையில் முதலில் கேளுங்கள்.

அதே கருப்புச் சுவர் போர் போடுகிறவருக்கும் முக்கியம். பல இடங்களில் அது நிலத்தடி நீரை ஏரிக்கரை மாதிரி மறித்து நிற்கிறது. மேட்டுப்பக்கக் கிணற்றில் தண்ணீர் நிற்கும், பள்ளத்துப்பக்கம் ஆயிரம் அடி இறக்கினாலும் புகைதான் வரும். ஆழம் போனால் தண்ணீர் நிச்சயம் என்று ரிக் வண்டியை ஓட்டச் சொல்லாதீர்கள். நம் பாறை பஞ்சு இல்லை. மேலே சிதைந்த பகுதியிலும் விரிசல்களிலும்தான் தண்ணீர் இருக்கிறது. ஆழம் போகப்போக விரிசல்களும் இறுகிக் குறைகின்றன.

கிடைத்த தண்ணீரைக் குடிப்பதற்கு முன்னால்தான் நாம் மிகவும் அசட்டையாக இருக்கிறோம். "கல்லுக்குள்ளிருந்து வருது, சுத்தமா இருக்கும்" என்று எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன்! அந்தக் கல்லில்தான் மைக்கா, ஹார்ன்பிளெண்ட், அபடைட் என்ற கனிமங்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து, அளவு மிஞ்சினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு மெல்லக் கரைகிறது. தண்ணீர் விரிசலில் நீண்ட காலம் தங்கினால் அளவு கூடும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தரம். காய்ச்சினால் போகாது, தண்ணீர் ஆவியாகி இன்னும் கெட்டியாகும். ருசியிலும் நிறத்திலும் தெரியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரண்டு மாவட்டத்துக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதனால்தான்.

சித்தப்பாவிடம் கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, போர்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவரச் சொன்னேன். அடுத்த வாரம் பேத்தியையும் அழைத்து வந்தார். ஆறு வயது. சிரித்தபோது முன்பற்களில் சுண்ணாம்புத் திட்டு மாதிரி வெள்ளை. பாட்டிலை அன்றைக்கே குடிநீர் வாரியப் பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துப் போனோம்.