அவசர அழைப்புக்கு ஒரு தாள்: வன்னி வீடுகளுக்கான செய்முறை

இலங்கையின் வடக்கே, வன்னியில் அனேகமான வீடுகளுக்கு வாசலில் இலக்கம் இல்லை, ஒழுங்கைக்குப் பெயர்ப்பலகையும் இல்லை. பக்கத்து வளவு ஐயாவைப் பாம்பு கடித்த இரவு, போனில் "புதுக்குளத்தடி" என்றே திரும்பத் திரும்பச் சொன்னேன். வன்னியில் புதுக்குளம் ஒன்றா இரண்டா? ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை நாங்கள் பட்ட பாட்டை மறக்க முடியாது. மறுநாளே எழுதிச் சுவரில் ஒட்டிய தாள்தான் இது.

ஒரு தாளின் மேற்பகுதியில் எண்களை எழுதுங்கள். நோய், விபத்து, பாம்புக்கடிக்கு 1990. இது சுவசெரிய ஆம்புலன்ஸ், 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது, காசு வாங்குவதில்லை. பொலிஸ் 119. வெள்ளம், புயலுக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. உங்கள் கிராம சேவையாளரின் எண்ணையும் சேருங்கள்.

அடுத்தது இடம். இதற்குத்தான் கூடிய நேரம் எடுக்க வேண்டும். மாவட்டம், கிட்டிய நகரம், பிரதான வீதி, சந்தி, கோயில் அல்லது பள்ளிக்கூடம், கடைசியாக வீடு என்று வரிசையாக எழுதுங்கள். மாவட்டத்தை விட்டுவிடாதீர்கள்: புதுக்குடியிருப்பு முல்லைத்தீவிலும் உண்டு, மன்னாரிலும் உண்டு, மட்டக்களப்பிலும் உண்டு. அழைப்பை எடுப்பவர் நம் ஊர்க்காரர் அல்ல, "ஆலமரத்தடி" என்றால் அவருக்கு விளங்காது. கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியோரம் என்றால் கிலோமீற்றர் கட்டையைச் சொல்லலாம். கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்று ஊரே சொல்கிறதே, அந்த மாதிரி.

மாரியில் எந்தப் பாதை மூடும் என்பதையும் எழுதுங்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது வெள்ளத்தில் பட்டது நினைவிருக்கும். பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தால் வாகனம் எந்தப் பக்கத்தால் வரலாம்?

சரி, இனி அழைப்பு. தமிழிலேயே பேசலாம். முதலில் இடத்தைச் சொல்லுங்கள், அப்புறம் என்ன நடந்தது, எத்தனை பேர், நினைவும் மூச்சும் இருக்கிறதா என்பதை. அழைப்பை எடுத்தவர் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள். பிறகும் அந்தப் போனில் வேறு யாருடனும் கதைக்க வேண்டாம், வழி கேட்டு அழைப்பு வரும். ஒருவர் டோர்ச்சோடு சந்தியில் போய் நிற்கட்டும்.

பாம்புக்கடி என்றால் இறுக்கிக் கட்டவோ கீறவோ கூடாது. கடிபட்டவரை நடக்க விடாமல் படுக்க வையுங்கள்.

வளவில் எந்த மூலையில் கவரேஜ் பிடிக்கும் என்று பார்த்து, தாளை அந்தப் பக்கச் சுவரிலேயே ஒட்டுங்கள். இன்றிரவு பிள்ளைகளை ஒரு தடவை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.