நிழல் மரத்தில் எறிகயிறு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக மலையேறி ஏலத்தோட்டங்களில் நிழல் மரம் கவாத்து செய்பவர்களுக்கு ஒற்றை மூங்கில் ஏணி பழகிய பொருள். ஏணி முடிகிற இடத்துக்கு மேல்தான் சங்கடம். அயனியும் சந்தன வேம்பும் முதல் கிளை விடுவதற்குள் நாற்பது அடி போய்விடும். அங்கே கயிற்றில் ஏற வேண்டுமென்றால் முதலில் கிளைக்கு மேல் கயிறு போக வேண்டும். சிறு எடைப்பை கட்டிய மெல்லிய எறிகயிற்றை எறிந்து, அது கிளையைத் தாண்டி இறங்கியதும் அதன் வாலில் கனமான ஏறுகயிற்றைக் கட்டி இழுப்பது முறை.

கை பழகினால் எறிதல் வந்துவிடும். எறிவதற்கு முன் தரையில் செய்வதும், பை கிளையைத் தாண்டிய பின் இழுப்பதும்தான் பெரும்பாலும் வேலையைக் கெடுக்கின்றன.

ஒரு சொல் விளக்கம். தெற்கே கிளை பிரிகிற இடத்துக்கும் கவட்டை என்றுதான் பெயர், அணில் அடிக்கிற வில்லுக்கும் கவட்டை என்றுதான் பெயர். குழப்பம் வராதிருக்க முன்னதைக் கவை என்றும் பின்னதை உண்டிவில் என்றும் இங்கே சொல்லியிருக்கிறது.

அண்ணாந்து பார்க்காமல் எறிவது

மலைத்தேனீ உயரமான மரத்தின் பெருங்கிளைக்கு அடியில் ஒற்றை அடையாகக் கூடு கட்டும். ஒரே மரத்தில் பல அடைகளும் இருக்கும். கீழிருந்து பார்த்தால் நிழலோடு நிழலாக, பட்டை கறுத்ததுபோலத் தெரியும். அந்தக் கிளையில் 400 கிராம் பை மோதினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. பைனாகுலர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மரத்தைச் சுற்றி நான்கு பக்கமும் நின்று பத்து நிமிடம் பாருங்கள். அடை இருந்தால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள். பக்கத்துக் கிளை போதும் என்ற சமாதானம் இதில் செல்லாது.

மின்கம்பியும் அப்படியே. உலர்ந்த கயிறு மின்சாரம் கடத்தாது என்று நம்பி எறிகிறவர்கள் உண்டு. மலையில் கயிறு எப்போது உலர்ந்திருக்கிறது? பனி, சாரல், வியர்வை, மண் எல்லாம் சேர்ந்த கயிறு கடத்தும். பை குறி தவறினால் எங்கே போய் விழும் என்று பாருங்கள். அந்த வட்டத்துக்குள் கம்பி இருந்தால் அங்கே எறியக் கூடாது. தவறிக் கம்பியில் விழுந்துவிட்டால் கயிற்றைக் கைவிட்டு விலகி மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். இழுத்துப் பார்க்கலாம் என்ற எண்ணமே வரக் கூடாது.

அடுத்தது கீழே நிற்கிற ஆட்கள். 60 அடியிலிருந்து விழுகிற பை தரையைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர் வேகத்தில் வரும். கூடவே காய்ந்த சுள்ளியும் விழும். எறிபவர், கயிறு பார்ப்பவர் இருவருக்கும் ஹெல்மெட்டும் கண்ணாடியும் வேண்டும். காய் எடுக்கிற ஆட்கள் அந்தப் பத்தியில் இருந்தால் அவர்கள் நகரும்வரை காத்திருக்க வேண்டும்.

தங்கூசியும் கொத்தனார் நூலும்

கையில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றுவதால் பாதி நாள் வீணாகிறது. மீன்பிடிக்கிற தங்கூசி கண்ணுக்குத் தெரியாது, கையை அறுக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக ரப்பர்போல நீளும். சிக்கிய பையைத் தங்கூசியால் இழுப்பது உங்கள் முகத்தைக் குறிவைத்து நீங்களே உண்டிவில் இழுப்பதற்குச் சமம். கொத்தனார் நூல் முறுக்கேறிச் சுருண்டு, தானாக முடிச்சு விழும்.

இதற்கென்றே விற்கிற எறிகயிறு 1.75 முதல் 2.2 மில்லிமீட்டர் கனமுள்ள பின்னல் கயிறு. டைனீமா என்கிற செயற்கை இழையில் வருவது நீளாது, வழுக்கும், தண்ணீர் குடிக்காது. ஆனால் இந்த இழை 145 டிகிரி வெப்பத்திலேயே உருகத் தொடங்கும். ஒரே கவையில் ஏற்கெனவே கிடக்கும் கயிற்றின்மேல் இன்னொன்றை வேகமாக உரசி இழுத்தால் கிடக்கிற கயிறு அறுந்துவிடும். எறிகயிற்றில் ஆள் தொங்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எத்தனை கிலோ தாங்கும் என்று உறையில் அச்சிட்டிருந்தாலும் சரி.

நீளத்தில் கஞ்சத்தனம் கூடாது. 30 மீட்டர் என்றால் 98 அடிதான். 70 அடி உயரக் கிளைக்கு ஏற 70, இறங்க 70, நீங்கள் தள்ளி நிற்கிற தூரம் வேறு. 50 மீட்டருக்குக் குறைவாக வாங்காதீர்கள், 60 நல்லது.

பையின் எடை 280 முதல் 450 கிராமுக்குள் இருக்கட்டும். லேசான பை உயரம் போகும், ஆனால் சொரசொரப்பான பட்டையில் கயிறு உராய்வதால் இறங்காது. கிளைக்கு மேல் நாலடி தாண்டி அப்படியே தொங்கும். வழவழப்பான பட்டைக்கு 340 கிராம், அயனி, சில்வர் ஓக் போன்ற கரடான பட்டைக்கு 400க்கு மேல். துணியில் கல்லைக் கட்டுவது, நட்டு போல்ட்டைக் கட்டுவது இரண்டும் வேண்டாம். கல் நழுவி விழும், போல்ட்டின் விளிம்பு பட்டை இடுக்கில் மாட்டும். சொந்தமாகத் தைப்பதென்றால் கெட்டியான கேன்வாஸில் நாலைந்து சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு குழல், உள்ளே சைக்கிள் பேரிங் குண்டுகள், வாயை இரட்டைத் தையலில் மூடி ஒரு வளையம். பளிச்சென்ற ஆரஞ்சு நிறத் துணியாக இருந்தால் இலைகளுக்கு நடுவே கண்ணில் படும்.

டைனீமா வழுக்குவதால் சாதாரண முடிச்சு உருவிக்கொள்ளும். வளையத்தில் இரண்டு சுற்று சுற்றி, முனையை அந்த இரண்டு சுற்றுக்குள்ளும் நுழைத்து இறுக்கி, மேலே ஒரு அரைமுடிச்சு போட்டு நாலு விரல் வால் விடுங்கள். கயிற்றின் மறுமுனையில் முடிச்சோ கண்ணியோ வேண்டாம். காரணம் பின்னால் வரும்.

தரையில் கிடக்கும் கயிறு

எறிந்த பை பாதி உயரத்தில் வெடுக்கென்று நின்று திரும்பி விழுந்தால் கைமேல் பழி போடாதீர்கள். குனிந்து பாருங்கள்: ஏலத்தட்டையிலோ மிளகுக்கொடியிலோ கயிறு மாட்டியிருக்கும். முழங்கையில் சுற்றி வளையமாகப் போட்ட கயிறு ஒன்றையொன்று இழுத்துக்கொண்டுதான் கிளம்பும். சுற்றவே கூடாது. வாயகன்ற பெட்டியிலோ, 20 லிட்டர் பெயின்ட் வாளியிலோ, விரித்த தார்ப்பாயிலோ, கைமாற்றிக் கைமாற்றி மேலிருந்து கொட்டுவதுபோல விட வேண்டும். கடைசியில் போனது முதலில் கிளம்பும், சிக்காது. ஓட்டையுள்ள காய்கறிக் கிரேட் ஆகாது, கயிறு ஓட்டைக்குள் நுழைந்துகொள்ளும். வாளி எறிபவருக்கு முன்னால் இருக்கட்டும். பின்னால் வைத்தால் கயிறு காலில் சுற்றும்.

எறிதல்

ஒற்றைக் கையென்றால் பைக்கு இரண்டரை அடி மேலே கயிற்றைப் பிடித்து, ஊஞ்சல்போல இரண்டு மூன்று ஆட்டம், அப்புறம் விடுதல். 50 அடிக்கு மேல் இரட்டைக் கை முறை உதவும். பை வளையத்துக்குள் கயிற்றின் ஒரு மடிப்பை நுழைத்து, மடிப்பை ஒரு கையிலும் கயிற்றை மறு கையிலும் பிடித்தால் பை நடுவில் தொட்டில்போலத் தொங்கும். கால்களுக்கு நடுவே ஆட்டி இரண்டு கையையும் ஒன்றாக விட வேண்டும். முன்கூட்டி விட்டால் பை தாழ்வாக முன்னே ஓடும், தாமதமாக விட்டால் தலைக்கு மேலே போய்ப் பின்னால் விழும். கண் கிளைமேல் இருக்க வேண்டும். பையைத் தேடிப் பார்க்கிறவருக்குக் குறி தப்பும். கிளைக்கு நேர் கீழே நிற்காமல் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்றால் பை வளைந்து போய் மறுபக்கம் செங்குத்தாக இறங்கும்.

ஆனி ஆடிக் காற்று மெட்டுகளில் மரத்தையே சாய்க்கும்போது எறிவது வீண். காலையில் காற்று எழும்புவதற்கு முன் கயிற்றைப் போட்டுவிடுங்கள். கவாத்தை மழைக்கு முன், மே மாதத்திலேயே முடிக்கச் சொல்வதற்கு நிழல் கணக்கோடு இதுவும் ஒரு காரணம்.

எட்டடிக் கம்பில் பொருத்திய பெரிய உண்டிவில் 70, 80 அடிக்கு வசதியானது. அதில் ஒரே எச்சரிக்கை: இழுக்கும்போது கயிறு ரப்பருக்கோ கைக்கோ குறுக்கே வரக் கூடாது, தலை உண்டிவில்லுக்கு நேராக இருக்கக் கூடாது.

மூன்று கிளைக்கு மேல் விழுந்தால்

இங்கேதான் பொறுமை இழக்கிறார்கள். பை குறிவைத்த கிளையையும் அதற்கு வெளியே இரண்டு சிறு கிளைகளையும் தாண்டிவிட்டது என்று வையுங்கள். உடனே பையைத் திரும்ப இழுத்து மறுபடி எறிய வேண்டாம். உங்கள் பக்கக் கயிற்றை மெல்ல இழுத்துப் பையை மேலேற்றுங்கள். கடைசிச் சிறு கிளையை அது தொடும் முன் நிறுத்தி, லேசாக ஆட்டி, ஒரு சுண்டு. பை அந்தக் கிளையைத் தாண்டி உள்பக்கம் விழும். அடுத்த கிளைக்கும் அதே வேலை. கடைசியில் குறிவைத்த கவைக்குப் பக்கத்தில் மட்டும் கயிறு கிடக்கும்; அப்போது கயிற்றைத் தளர்த்திப் பையைத் தரைக்கு இறக்குங்கள். எடை போதாத பை இந்த வேலைக்கு ஆகாது.

பை கவையில் மாட்டிக்கொண்டால் பலம் காட்டாதீர்கள். இழுக்க இழுக்க ஆப்புபோல இறுகும். கயிற்றை ஓரளவு விறைப்பாக இழுத்துப் பிடித்து, வில் நாணைத் தெறிப்பதுபோல விரலால் அடித்துச் சட்டென்று தளர்த்துங்கள்; பை துள்ளி வெளியே வரும். வராவிட்டால் மரத்தின் மறுபக்கம் போய்க் கோணம் மாற்றி அதையே செய்யுங்கள். கடைசி வழியாக இழுப்பதென்றால் கயிற்றைக் கையில் சுற்றாமல் ஒரு குச்சியில் சுற்றி, பை வரும் பாதைக்கு விலகி, முகத்தைத் திருப்பிக்கொண்டு இழுக்க வேண்டும். பை தரைக்கு இறங்கிய பின் கயிறு மட்டும் சிக்கினால் பையை அவிழ்த்துவிட்டு மறுமுனையால் உருவலாம். வாலில் முடிச்சு வேண்டாம் என்றது இதற்குத்தான்.

ஏறுகயிற்றை இழுக்கும்போது

11 மில்லிமீட்டர் கயிற்றின் நுனியில் உருண்டையாக முடிச்சுப் போட்டு இழுத்தால் அது கவையில் நின்றுவிடும். ஏறுகயிற்று நுனிக்கு ஒரு அடி கீழே எறிகயிற்றை இரட்டைச் சுற்றாக இறுக்கி, அங்கிருந்து நுனிவரை நாலு விரலுக்கு ஒரு அரைமுடிச்சாக மூன்று நான்கு போடுங்கள். நுனியில் கடைசி முடிச்சும் மெல்லிய டேப் சுற்றும். இப்போது இணைப்பு எலிவால்போலக் கூம்பி வழுக்கிப் போகும்.

கயிறு போய்விட்டது என்பதற்காக ஏறிவிடக் கூடாது. கவை தண்டை ஒட்டி இருக்கிறதா, பச்சையாக இருக்கிறதா, குறைந்தது நாலு அங்குலக் கனமா என்று பாருங்கள். முருக்கும் இலவும் மென்மரம். சில்வர் ஓக் கிளை பார்க்க நேராக இருக்கும், சடக்கென்று ஒடியும். அதில் தண்டைச் சேர்த்துக் கயிறு விழாவிட்டால் ஏற வேண்டாம். கயிற்றின் ஒரு முனையை அடிமரத்தில் கட்டி மறுமுனையில் ஏறினால், 70 கிலோ ஆளுக்கு மேலே உள்ள கவை ஏறக்குறைய 140 கிலோ தாங்க வேண்டியிருக்கும். பலர் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை. ஆகவே ஏறும் முன் இரண்டு பேர் கயிற்றில் தொங்கி, கால் தரையைத் தொட்டபடியே மெல்லக் குலுக்கிப் பார்க்க வேண்டும். மூன்றாவது ஆள் தள்ளி நின்று கிளையைக் கவனிக்கட்டும்.

வேலை முடிந்து கயிற்றை இறக்கும்போது ஏறுகயிற்றில் கிடக்கும் முடிச்சுகளையெல்லாம் அவிழ்த்துவிட்டு, வெறும் முனை கவைக்கு மேல் போகிற திசையில் இழுங்கள். நாளைக்கு அதே மரம் என்றால் அதன் வாலில் எறிகயிற்றைக் கட்டி விட்டால் மெல்லிய கயிறு மரத்திலேயே நிற்கும், மறுபடி எறிய வேண்டியதில்லை. இரண்டு முனையையும் அடிமரத்தில் ஆளெட்டாத உயரத்தில் கட்டிவையுங்கள்.