பழைய டெஸ்க்டொப் கணினியை யாழ்ப்பாண வெயிலுக்கு ஏற்ப ஓவர்குளொக் செய்வது எப்படி?

ஓவர்குளொக் என்றால் புரொசசரை அதற்கென்று வைத்த வேகத்தைவிடக் கூடிய வேகத்தில் ஓட்டுவது. இணையத்தில் கிடைக்கும் ஓவர்குளொக்கிங் குறிப்புகள் பெரும்பாலும் 20, 22 பாகை செல்சியஸ் அறையில் இருந்து எழுதப்பட்டவை. எங்கள் ஊரில் சித்திரை மாதத்துப் பின்னேரம், சீற் கூரைக்குக் கீழ் உள்ள அறையில் 34, 35 பாகை இருக்கும். அங்கே 70 பாகையில் நிற்கும் புரொசசர் இங்கே 83 பாகைக்குப் போகும். அந்த எண்களை அப்படியே எடுத்துப் போட்டால் மார்கழியில் ஒழுங்காக ஓடும் கணினி சித்திரையில் நின்றுவிடும். ஆகவே இந்த விளக்கத்தில் வேகத்தைவிட வெப்பத்தைப் பற்றிய கதைதான் கூட.

உதாரணத்துக்கு 2011 தொடக்கத்தில் வந்த இன்டெல் கோர் ஐ5-2500கே புரொசசரை எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்படை வேகம் 3.3 கிகாஹேர்ட்ஸ். மதர்போட் கொடுக்கும் 100 மெகாஹேர்ட்ஸ் அடிக்குளொக்கை மல்டிபிளையர் 33 பெருக்குவதால் வருவது அது. நாங்கள் செய்யப்போவது அந்த 33 ஐ 42 ஆக்குவது. அதாவது 4.2 கிகாஹேர்ட்ஸ். 4.5, 4.8 என்று போனவர்கள் இருக்கிறார்கள். முதல் தடவை செய்பவருக்கும் பதினைந்து வயதை எட்டும் மதர்போட்டுக்கும் 4.2 போதும்.

உங்கள் கணினியில் இது முடியுமா?

சிபியு-இசெட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து பாருங்கள். முதற்பக்கத்தில் புரொசசரின் பெயர் இருக்கும். அதன் கடைசியில் ‘கே’ எழுத்து இருக்க வேண்டும்: 2500கே, 2600கே, 3570கே, 3770கே, 4670கே, 4690கே போல. பிறகு மெயின்போட் பக்கத்தில் சவுத்பிரிட்ஜ் என்ற வரியைப் பாருங்கள். 2ஆம், 3ஆம் தலைமுறைக்கு (புரொசசர் எண்ணின் முதல் இலக்கம்தான் தலைமுறை) அங்கே பி67, இசெட்68, இசெட்77 இவற்றில் ஒன்றும், 4ஆம் தலைமுறைக்கு இசெட்87 அல்லது இசெட்97 உம் இருக்க வேண்டும்.

பாவித்த கணினி வாங்கியவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். புரொசசர் ‘கே’ ஆக இருக்கும், மதர்போட் எச்61 ஆக இருக்கும். எச்61 இல் மல்டிபிளையரை உயர்த்த முடியாது. அப்படியானால் இத்தோடு விட்டுவிடுங்கள். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி பூட்டி, றாமை 8 ஜிபி ஆக்கினால் அன்றாட வேலைக்கு ஓவர்குளொக்கிங் தருவதைவிடப் பெரிய வித்தியாசம் தெரியும். அடிக்குளொக்கைக் கூட்டி வேகம் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். 2ஆம், 3ஆம் தலைமுறைகளில் சாட்டா (டிஸ்க் இணைப்பு), பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்ட் இணைப்பு) எல்லாமே அந்த 100 மெகாஹேர்ட்ஸிலிருந்துதான் ஓடுகின்றன. 104, 105 தாண்டினால் புரொசசர் தாங்கினாலும் டிஸ்க் தாங்காது, கோப்புகள் பழுதாகும்.

படி 1: கழற்றித் துடைத்தல்

பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோய்த் திறவுங்கள். உரும்பிராய், சுன்னாகம் பக்கத்துச் செம்மண் புழுதி, புரொசசரின் சூட்டை இழுக்கும் ஹீற்சிங்கின் தகடுகளுக்கு நடுவில் கம்பளி போல அடைந்திருக்கும். சோளகம் வீசும் மாதங்களுக்குப் பிறகு சொல்லவே வேண்டாம். பெயின்ற் பிரஷ், புளோவர் இரண்டும் போதும். புளோவர் பிடிக்கும்போது விசிறியை விரலால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அது அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் சுழன்று பெயாரிங் போய்விடும்.

கடற்கரையை ஒட்டிய வீடுகளில், குருநகர், பருத்தித்துறை போன்ற இடங்களில், உப்புக் காற்றையும் கவனிக்க வேண்டும். மதர்போட்டில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் அல்லது கப்பாசிற்றர்களின் தலை உப்பியிருந்தால் ஓவர்குளொக் செய்யும் எண்ணத்தை விடுங்கள்.

கூலரைக் கழற்றினால் புரொசசரின் மேலுள்ள பழைய பேஸ்ற் காய்ந்து சுண்ணாம்பு போல இருக்கும். 90 வீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோபைல் அல்கஹோலில் நனைத்த துணியால் இரண்டு பக்கத்தையும் துடைத்து, காயவிட்டு, புதிய பேஸ்ற்றை நடுவில் ஒரு பயறு அளவு மட்டும் வையுங்கள். கூலரை அழுத்தும்போது அது தானாகப் பரவும். நிறைய வைத்தால் நன்றாகக் குளிரும் என்பது பிழை. பேஸ்ற்றின் வேலை இரண்டு உலோகங்களுக்கு நடுவிலுள்ள காற்றிடைவெளியை நிரப்புவது மட்டும். தடித்துப்போனால் வெப்பத்தை மறிக்கும்.

இன்டெல் பெட்டியோடு வந்த வட்டமான சின்னக் கூலரோடு 4.2 க்குப் போக வேண்டாம். 120 மில்லிமீற்றர் விசிறி பூட்டிய, ஹீற்பைப் உள்ள கோபுரக் கூலர் ஒன்று தேவை. புரொசசர் அமரும் சொக்கற் எல்ஜிஏ 1155, 1150, 1151, 1200 எல்லாவற்றுக்கும் துளை இடைவெளி 75 மில்லிமீற்றர்தான். ஆகவே இவற்றில் ஒன்றுக்கு வந்த கூலர் மற்றதுக்கும் பொருந்தும். எல்ஜிஏ 1700 க்கு மட்டும் வந்த கூலர் பொருந்தாது. அதன் இடைவெளி 78. இந்தக் கூலர்கள் பல 155 மில்லிமீற்றர் அளவு உயரம். வாங்க முன்னர் மதர்போட்டிலிருந்து பக்கக் கதவுவரை அளந்து பாருங்கள்.

ஒன்றை வடிவாகக் கவனியுங்கள். பழைய வட்டக் கூலர் காற்றைக் கீழ்நோக்கி ஊதி, புரொசசருக்கு மின்சாரம் கொடுக்கும் விஆர்எம் பகுதியையும் சேர்த்துக் குளிர்விக்கும். கோபுரக் கூலர் காற்றைப் பின்பக்கம் தள்ளுவதால் அந்தப் பகுதிக்குக் காற்று கிடைக்காது. பெட்டியின் பின்புறத்தில் வெளியே இழுக்கும் விசிறி ஒன்றும், முன்னால் உள்ளே இழுக்கும் விசிறி ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

படி 2: பவர் சப்ளையும் பற்றரியும்

வேகம் கூடும்போது மின்சாரம் அதே விகிதத்தில் கூடுவதில்லை. மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் பெருக்க வேண்டும். நான்கு கோர்களும் சேர்ந்து ஓடும்போது 2500கே தானாக எட்டும் 3.4 இலிருந்து 4.2 க்குப் போவது 1.24 மடங்கு, 1.20 வோல்ற்றிலிருந்து 1.30 க்குப் போவது வர்க்கத்தில் 1.17 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 1.45. வேகத்தில் கால்பங்கு எடுக்க வெப்பத்தில் அரைப்பங்கு கொடுக்கிறோம்.

பெட்டியோடு இலவசமாக வந்த பவர் சப்ளையில் 450 வொட் என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். லேபலில் 12 வோல்ற் வரியில் எத்தனை அம்பியர் என்று பாருங்கள்; அதை 12 ஆல் பெருக்கினால் வருவதுதான் பயன்படும் வொட். கணினி கடும் வேலையில் இருக்கும்போது 12 வோல்ற் வரி 11.4 க்குக் கீழே இறங்கினால் அந்தச் சப்ளை சரிவராது. புரொசசருக்கான சொக்கற் எட்டு ஊசி உள்ளதாக இருந்தால் எட்டையும் பூட்டுங்கள்.

மதர்போட்டிலுள்ள சிஆர்2032 பற்றரியை இப்போதே மாற்றிவிடுங்கள். அது செத்திருந்தால் ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் பயோஸ் (விண்டோஸுக்கு முன்னர் ஓடும் மதர்போட்டின் மென்பொருள்) செற்றிங் எல்லாம் அழிந்துவிடும்.

படி 3: எதையும் மாற்றாமல் அளத்தல்

முக்கியமான கோப்புகளை வேறு டிஸ்க்கில் பிரதி எடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். சோதனை நடுவில் கணினி உறைந்தால் விண்டோஸ் பழுதாகலாம்.

ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து வெப்பத்தைப் பார்த்துக்கொண்டு, புரொசசருக்குக் கடும் வேலை கொடுக்கும் பிரைம்95 என்ற மென்பொருளில் ‘ஸ்மோல் எஃப்எஃப்ரி’ சோதனையை 15 நிமிடம் ஓட்டுங்கள். அறையின் வெப்பநிலையைச் சாதாரண சுவர் வெப்பமானியில் பார்த்துக் குறியுங்கள். பிரைம்95 இன் 26.6 பதிப்பில் ஏவிஎக்ஸ் என்ற கனமான கணக்கீட்டுக் கட்டளைகள் இல்லை. புதிய பதிப்புகள் அவற்றைப் பாவிப்பதால் கூடுதலாகச் சூடாக்கும். எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே பாவியுங்கள். பதிப்பை மாற்றினால் எண்களை ஒப்பிட முடியாது.

இப்போது உங்கள் எல்லையைக் கணக்கிடுங்கள். அறை 35 பாகையாக இருக்கும் நாளில் புரொசசர் 80 ஐத் தாண்டக் கூடாது என்று வைப்போம். நீங்கள் சோதிக்கும் இன்று அறை 27 பாகை என்றால், வித்தியாசம் 8. ஆகவே இன்று உங்கள் எல்லை 72. இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி மொனிற்றரில் ஒட்டுங்கள். 2500கே 98 பாகையில்தான் தானாக வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். 3570கே 105 இல், 4670கே 100 இல். அவை காப்புக்காக வைத்த எல்லைகள். அங்கே வாழ நினைக்க வேண்டாம்.

எந்த மாற்றமும் செய்யாத நிலையிலேயே எல்லையைத் தொட்டுவிட்டால் கூலர் சரியாக அமரவில்லை. கழற்றி மீண்டும் பூட்டுங்கள்.

படி 4: பயோஸ்

கணினியைத் தொடக்கி டிலீற் பொத்தானைத் தட்டி உள்ளே போங்கள். முதலில் சாட்டா மோட் (டிஸ்க்கோடு பேசும் முறை) ஏஎச்சிஐ இல் இருக்கிறதா, ஐடிஇ இல் இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். பின்னர் எப்போதாவது பயோஸை அழிக்க நேர்ந்தால் இது மாறிவிடும். மாறினால் விண்டோஸ் நீலத் திரையோடு நிற்கும். பலர் புரொசசர் எரிந்துவிட்டது என்று நினைத்துப் பயப்படுவது இதனால்தான்.

பிறகு இந்த ஒழுங்கில்:

1. டிஃபோல்ற் செற்றிங்கை ஏற்றி, சாட்டா மோட்டை எழுதி வைத்ததற்குத் திருப்புங்கள்.
2. தானாக ஓவர்குளொக் செய்யும் பொத்தானைத் தொட வேண்டாம். தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தம் கொடுப்பது அதன் இயல்பு.
3. அடிக்குளொக் 100.0 இல் இருக்கட்டும். றாம் அதன் லேபலில் உள்ள வேகத்தில், 1.5 வோல்ற்றில் இருக்கட்டும்.
4. மின்னழுத்தத்தை ஓட்டோவிலிருந்து மனுவலுக்கு மாற்றி 1.25 வோல்ற் கொடுங்கள்.
5. எல்லாக் கோருக்கும் மல்டிபிளையர் 38.
6. சி1இ, ஸ்பீட்ஸ்ரெப் இரண்டும் இயங்கட்டும். சும்மா இருக்கும் நேரத்தில் புரொசசர் 1.6 கிகாஹேர்ட்ஸுக்கு இறங்கிக் குளிர்வது இவற்றால்தான்.

லோட்லைன் கலிபிரேஷன் என்ற செற்றிங்கும் இருக்கும். வேலை கூடும்போது மின்னழுத்தம் கொஞ்சம் சரியும். அந்தச் சரிவைக் குறைப்பது இது. நடு மட்டத்தில் வையுங்கள். சில மதர்போட்டில் 1 என்பது ஆகக் கூடியது, சிலதில் ஆகக் குறைந்தது. கையேட்டைப் பார்க்காமல் எண்ணை நம்பக் கூடாது. ஆகக் கூடியதில் வைத்தால் வேலை திடீரென்று முடியும் கணத்தில் மின்னழுத்தம் நீங்கள் கொடுத்ததைவிட மேலே துள்ளும்.

படி 5: ஏறுவதும் சோதிப்பதும்

38 இல் விண்டோஸுக்குள் போய் பிரைம்95 ஐ 10 நிமிடம் ஓட்டுங்கள். பிழையும் இல்லை, எல்லைக்குள்ளும் நிற்கிறது என்றால் 39, பிறகு 40. ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றிவிட்டுக் கணினி நின்றால் எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது.

ஏதோ ஒரு இடத்தில் தடக்கும். அது எப்படித் தெரியும் என்றால்:

பிரைம்95 இன் ஒரு வேர்க்கர் (ஒரு கோரில் ஓடும் சோதனை) மட்டும் ‘ரவுண்டிங்’ பிழை காட்டி நிற்கும். பாவனை 100 வீதத்திலிருந்து 75 க்கு இறங்கும். நீலத் திரையில் ‘குளொக் வோச்டோக் ரைம்அவுட்’ அல்லது ‘வியா அன்கரெக்ரபிள் எரர்’ என்று வரும். ஹெச்டபிள்யூஇன்ஃபோவின் அடியில் வியா பிழைகளின் (விண்டோஸ் பதியும் வன்பொருள் பிழைகள்) எண்ணிக்கை ஒன்று, இரண்டு என்று ஏறும். இந்த எல்லா அடையாளங்களுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: அந்த வேகத்துக்கு மின்னழுத்தம் போதவில்லை. 0.01 வோல்ற் கூட்டி மீண்டும் ஓட்டுங்கள். வெப்பம் எல்லையைத் தாண்டினால் மட்டும் மின்னழுத்தத்தைக் கூட்ட வேண்டாம். மல்டிபிளையரில் ஒன்றைக் குறையுங்கள்.

2500கே, 2600கே க்கு 1.35 வோல்ற்றோடு நில்லுங்கள். 3ஆம், 4ஆம் தலைமுறைக்கு 1.25. 2ஆம் தலைமுறையான சாண்டி பிரிட்ஜில் சில்லை மேல்மூடியோடு உலோகப்பற்று வைத்து ஒட்டியிருந்தார்கள். 2012 இல் வந்த 3ஆம் தலைமுறை ஐவி பிரிட்ஜிலிருந்து சாதாரண பேஸ்ற். அதனால் 3570கே அதே மின்னழுத்தத்தில் கூடுதலாகக் கொதிக்கும். ஒரே மாதிரிப் புரொசசர் இரண்டும் ஒரே வேகத்துக்குப் போக வேண்டும் என்றும் இல்லை. கூட்டாளியின் 2500கே 1.26 இல் 4.2 எடுக்க, உங்களுடையது 1.31 கேட்கலாம்.

42 க்கு வந்ததும் ஸ்மோல் எஃப்எஃப்ரி ஒரு மணித்தியாலம், பிறகு றாமையும் சேர்த்துச் சோதிக்கும் ‘பிளென்ட்’ ஆறு மணித்தியாலம். ஆறு மணித்தியாலத்தை இரவில் வைக்காமல் காலை பத்து மணிக்குத் தொடங்குங்கள். சூடான மத்தியானம் அதற்குள் வந்துபோகட்டும்.

திரையில் ஒன்றுமே வராவிட்டால்

பல மதர்போட்டுகள் இரண்டு மூன்று தரம் முயன்றுவிட்டுத் தாமாகவே பழைய நிலைக்கு வரும். கொஞ்சம் பொறுங்கள். வராவிட்டால் பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானை ஒருதரம் அழுத்தி மிச்ச மின்சாரத்தை விட்டு, பற்றரியை எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வையுங்கள். திரும்பப் போட்டதும் சாட்டா மோட்டைத் திருத்த மறக்க வேண்டாம்.

கரண்டும் யுபிஎஸ்ஸும்

650 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 முதல் 390 வொட் வரைதான் தாங்கும். தனி கிராஃபிக்ஸ் கார்ட் உள்ள கணினியை ஓவர்குளொக் செய்தால் இது போதாமல் போகலாம். கடும் வேலை நடக்கும்போது சுவர்ப் பிளக்கைக் கழற்றி ஒருதரம் சோதியுங்கள், ஆனால் கோப்புகளைச் சேமித்த பிறகு. யுபிஎஸ் கத்திவிட்டு அணைந்தால் அது சுமையைத் தாங்கவில்லை, அல்லது அதன் பற்றரி போய்விட்டது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை விசிறிப் புழுதியைத் தட்டுங்கள். சித்திரை பிறந்ததும் ஒரு மத்தியானம் பிரைம்95 ஐ 20 நிமிடம் ஓட்டுங்கள். 80 ஐத் தாண்டினால் மல்டிபிளையரை 41 ஆக்கி, மின்னழுத்தத்தில் 0.02 ஐக் குறைத்து மீண்டும் சோதியுங்கள். மழை தொடங்கிய பிறகு வேண்டுமானால் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.