நில அதிர்வின் செறிவை வீட்டிலிருந்தே கணிப்பது எப்படி?

பூமியதிர்ச்சி என்றதும் "ரிக்டர் எவ்வளவு?" என்றுதான் கேட்போம். அது அதிர்ச்சி பிறந்த இடத்தில் வெளிப்பட்ட சக்தியின் அளவு, அதாவது பருமன். உங்கள் வளவு எவ்வளவு ஆடியது என்பதைச் சொல்வது செறிவு. இடத்துக்கு இடம் அது மாறும். அதற்கு 1 முதல் 12 வரை போகும் திருத்திய மெர்க்கலி அளவுகோல் இருக்கிறது. கருவி ஒன்றும் வேண்டாம்.

படி 1: நேரம், ஊர், எத்தனையாம் மாடி, இருந்தீர்களா, படுத்திருந்தீர்களா என்பதை உடனே எழுதுங்கள். "யாழ்ப்பாணம்" என்பது போதாது. கொக்குவிலா, பருத்தித்துறையா என்று எழுதுங்கள். மேல்மாடியில் இருந்தவர் உணர்ந்ததை வீதியில் நின்றவர் உணராமலே போகலாம்.

படி 2: ஆட்களைக் கேளுங்கள். மேல்மாடியில் சும்மா இருந்த சிலருக்கு மட்டும் தெரிந்தால் 2. லொறி போன மாதிரி என்று வீட்டுக்குள் இருந்தவர்கள் சொன்னால் 3. நித்திரையில் இருந்த பலர் எழும்பினால் 5.

படி 3: கண்ணாடி அலுமாரியைப் பாருங்கள். கோப்பைகள் கலகலத்து, யன்னல்கள் அதிர்ந்திருந்தால் 4. சில கோப்பைகள் விழுந்து உடைந்தால் 5. பாரமான அலுமாரியே நகர்ந்து, சுவர்ப்பூச்சு அங்கங்கே கொட்டுண்டால் 6.

படி 4: கட்டடம். இங்கேதான் அவசரப்படக்கூடாது. 7இல் நன்றாகக் கட்டிய வீட்டுக்குச் சேதம் மிகக் குறைவு, மோசமாகக் கட்டியது நன்றாகவே பாதிக்கப்படும். ஆகவே ஒரு மதில் விழுந்ததும் 8 போடவேண்டாம். அதற்கு ஒழுங்கான அத்திவாரம் இருந்ததா என்று பாருங்கள். எங்கள் ஊரில் இன்னொரு சிக்கல், ஷெல் விழுந்து வெடித்த பழைய சுவர்கள். வெடிப்புக்குள் தூசியும் சிலந்திவலையும் பாசியும் இருந்தால் அது பழசு. புதிய வெடிப்பின் விளிம்பு துப்புரவாக, கூராக இருக்கும். பக்கத்தில் ஒரு பேனையை வைத்துப் படம் எடுங்கள், அளவு விளங்கும். சுவர் சரிந்திருந்தால் உள்ளே போகவே வேண்டாம்.

கடல் செய்த அழிவை இதில் சேர்க்கக்கூடாது. 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அருகே 9.1 பருமனில் நிலம் அதிர்ந்தது. வடமராட்சி கிழக்கில் வீடுகளை அள்ளிக்கொண்டு போனது ஆழிப்பேரலை; அந்த இடிபாட்டை வைத்துச் செறிவு சொல்ல முடியாது.

படி 5: அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் இணையத்தளத்தில், நீங்கள் உணர்ந்தீர்களா என்று கேட்கும் படிவம் இருக்கிறது. எந்த நாட்டிலிருந்தும் நிரப்பலாம். ஒன்றும் உணராவிட்டாலும் அதையே பதியுங்கள். அதிர்வு எதுவரை எட்டியது என்று வரைபடத்தில் கோடு போட அந்தப் பதில்களும் வேண்டும்.