ஒரு பெரிய முழு எண்ணின் பண்புகளைக் கையால் கண்டறியும் முறை

ஒரு பெரிய எண்ணுக்கு எத்தனை காரணிகள் உள்ளன, அது முழு வர்க்கமா, மிகை எண்ணா (அதாவது, தன்னைத் தவிர்த்த மற்றக் காரணிகளின் கூடுதல் தன்னைவிடப் பெரியதா) என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடுவது வீண் உழைப்பு. எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்துவிட்டால் மற்ற விடைகள் அதிலிருந்தே கிடைக்கும். 18,47,916 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம்.

கடைசி இரண்டு இலக்கங்களான 16 நான்கால் வகுபடுவதால் இந்த எண்ணும் நான்கால் வகுபடும். ஆனால் 916 எட்டால் வகுபடாததால் 2-இன் அடுக்கு இரண்டோடு நின்றுவிடுகிறது. இலக்கங்களின் கூடுதல் 36 ஆதலால் 9-ஆலும் வகுபடும். இவ்விரண்டாலும் வகுத்தால் ஈவு 51,331. இதன் இலக்கக் கூடுதல் 13 என்பதால் மேலும் 3-ஆல் வகுபடாது. 1-இல் முடிவதால் 5-ஆலும் வகுபடாது.

அடுத்து 7, 11, 13 ஆகிய மூன்றையும் ஒரே கழித்தலில் சோதிக்கலாம். அவற்றின் பெருக்கற்பலன் 1001 என்பதே இதற்குக் காரணம். வலமிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து (இலட்சக் கணக்கில் இட்ட காற்புள்ளியை இங்கே பின்பற்றக் கூடாது) 331-இலிருந்து 51-ஐக் கழித்தால் 280 வருகிறது. அது 7-ஆல் மட்டுமே வகுபடுகிறது; எனவே 51,331 = 7 × 7,333. அதே சோதனையை 7,333-க்குச் செய்தால் கிடைக்கும் 326 மூன்றில் எதனாலும் வகுபடாது.

7,333-இன் வர்க்கமூலம் 86-ஐவிடச் சிறியது. ஓர் எண் பகு எண்ணாக இருந்தால் அதன் வர்க்கமூலத்தை மிஞ்சாத ஒரு பகாக் காரணி கட்டாயம் இருக்கும் என்பதால், 17 முதல் 83 வரையுள்ள 17 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். எல்லாவற்றிலும் மீதி வருகிறது. ஆகவே 7,333 பகா எண். சிறிய காரணிகளை முதலிலேயே நீக்காதிருந்தால் 1,359 வரை சோதிக்க நேர்ந்திருக்கும்.

இப்போது 18,47,916 = 2² × 3² × 7 × 7,333. அடுக்குகளோடு ஒவ்வொன்று கூட்டிப் பெருக்கினால், 3 × 3 × 2 × 2 = 36 காரணிகள். அவற்றின் கூடுதல் (1 + 2 + 4) × (1 + 3 + 9) × (1 + 7) × (1 + 7,333), அதாவது 7 × 13 × 8 × 7,334 = 53,39,152; இதிலிருந்து எண்ணையே கழித்தால் எஞ்சும் 34,91,236 அந்த எண்ணைவிடப் பெரியதாதலால் இது மிகை எண். உண்மையில் இந்தக் கேள்விக்கு மட்டும் கணக்கே தேவையில்லை: 6-ஐவிடப் பெரிய 6-இன் மடங்குகள் அனைத்தும் மிகை எண்களே.

முழு வர்க்கமா என்ற கேள்வியில்தான் இலக்கச் சோதனைகள் ஏமாற்றும். 16-இல் முடிவதும் இலக்கக் கூடுதல் 9-இன் மடங்காக இருப்பதும் வர்க்கத்துக்குப் பொருந்தும் அடையாளங்கள்; ஆயினும் 7, 7,333 ஆகியவற்றின் அடுக்கு ஒற்றைப்படையாக இருப்பதால் இது வர்க்கமன்று. மேலும், நான்கால் வகுத்தால் 3 மீதி தரும் பகா எண்ணாகிய 7 ஒற்றைப்படை அடுக்கில் நிற்பதால், இதை இரு வர்க்கங்களின் கூடுதலாகவும் எழுத இயலாது.