ஒரு வயதுக்குப் பிறகு குழந்தைக்குப் பசி குறைந்தால்

முதல் பிறந்தநாள் வரை பருப்புச் சாதத்தை ஆவென்று வாங்கிக்கொண்ட பிள்ளை, அதன்பிறகு இரண்டு வாயிலேயே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பெரும்பாலும் இது இயல்புதான். முதல் ஆண்டில் பிறந்த எடை மூன்று மடங்காகிறது. இரண்டாம் ஆண்டில் கூடுவதோ ஏறக்குறைய 2 முதல் 2.5 கிலோதான். வளரும் வேகம் தணிவதால் பசியும் தணிகிறது. பல் முளைக்கும்போதும் சளி பிடித்திருக்கும்போதும் இன்னும் குறையும்.

முதலில் பாலைக் கவனியுங்கள். நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பசும்பால் போனால் சோற்றுக்கு வயிற்றில் இடமிருக்காது, இரும்புச்சத்தும் குறையும். சாப்பாட்டுக்கு முன் பிஸ்கட்டும் வேண்டாம். கையைப் பிடித்துத் திணிப்பதை, தயவுசெய்து, விட்டுவிடுங்கள். சாப்பாடு என்றாலே பயம் வந்துவிடும். ஒரு வேளையை வைத்து முடிவு செய்யாமல், ஒரு வாரம் முழுக்க என்ன சாப்பிட்டது என்று பாருங்கள்.

எடை குறைந்தாலோ, மாதக்கணக்கில் ஏறாமல் நின்றாலோ, சாப்பிடும்போது அடிக்கடி புரையேறினாலோ, மண்ணையோ சுண்ணாம்பையோ தின்றாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். அங்கன்வாடியில் எடை பார்த்துக் குறிக்கும் வளர்ச்சி வரைபடம் இதற்கு நல்ல துணை. தண்ணீரும் குடிக்காமல், 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாமல், பிள்ளை துவண்டு கிடந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள்.